நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பது?

புதிதாக ஒரு சேவை நிறுவனம் ஊருக்குள் வந்தால் மக்கள் மனதில் ஓடும் கணக்கு ஒன்றுதான்: நாளைக்கு ஏதாவது தப்பாகிவிட்டால் இவர்களில் யாருடைய சட்டையைப் பிடித்துக் கேட்பது? இதற்குப் பதில் தெரியும்வரை கூட்டத்துக்கு வருவார்கள், கொடுப்பதை வாங்கிக்கொள்வார்கள், கைகூடத் தட்டுவார்கள். நம்ப மாட்டார்கள். மருத்துவமோ, கல்வியோ, குடிநீரோ, பேரிடர் நிவாரணமோ, எந்தப் பணியாக இருந்தாலும் இதுதான் நிலை. நம்பிக்கை வேண்டுமென்றால், இப்படிப் பணிசெய்யப் போகும் நம்மைப் பிடித்துக் கேட்க அவர்களுக்கு ஒரு வழி இருக்க வேண்டும். அந்த வழியை எங்கெங்கே அமைப்பது, எங்கே அது உடைகிறது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

முதல் மூன்று வாரம் படிவம் வேண்டாம், கேமரா வேண்டாம், பேனர் வேண்டாம். நடந்து போய்ப் பேசினால் போதும். ஆனால் நேரத்தை மாற்றி மாற்றிப் போக வேண்டும். காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையில் மட்டும் போகிறவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள்தான் கிடைப்பார்கள். விடியும் முன்பே வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள், பெரும்பாலும் நம் சேவை அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். குறைந்தது முப்பது வீடு. அதில் பாதியாவது பெரிய சாலையிலிருந்து தள்ளி, வண்டி நுழையாத சந்துகளில் இருக்கட்டும்.

உள்ளூர்த் தலைவரை என்ன செய்வது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். அவரோடு வீடு வீடாகப் போனால் அன்றைக்கே நாம் ‘அவருடைய ஆட்கள்’. அவருக்குச் சொல்லாமல் போனால் அடுத்த வாரமே முட்டுக்கட்டை. முதலில் அவரைப் பார்த்து, வந்த விஷயத்தைச் சொல்லி, “நாங்களே போய் எல்லோரையும் பார்த்துக்கிறோம், நீங்க சிரமப்பட வேண்டாம்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போவதுதான் சரி. அவர் வீட்டுத் திண்ணையில் கூட்டம் போடக் கூடாது. அந்தப் படியில் கால்வைக்கத் தயங்கும் சிலர் எந்த ஊரிலும் இருப்பார்கள், அவர்கள் வரவில்லை என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

முதல் சந்திப்பில் ஐந்து விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்: நாங்கள் யார், பணம் யாருடையது, எத்தனை காலம் இருப்போம், என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம். முதல் நான்கைச் சொல்லிவிடுகிறோம். ஐந்தாவதை விழுங்கிவிடுகிறோம். “வேலை வாங்கித் தர எங்களால் முடியாது, கடன் தள்ளுபடி எங்கள் கையில் இல்லை” என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அன்றைக்குக் கூட்டம் கொஞ்சம் வாடும். மீதி இருப்பவர்கள் நம் பேச்சை அப்படியே நம்பத் தொடங்குவார்கள்.

பணம் யாருடையது, எதற்காக வந்திருக்கிறோம் என்பதை மறைப்பது நம்மோடு நிற்காது, நமக்குப் பின்னால் வருபவர்களையும் சேர்த்து அடிக்கும். 2011-இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின்லேடனைத் தேடிய அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி முகாம் ஒன்றைப் போர்வையாகப் பயன்படுத்தியது. விஷயம் வெளியானதும் தடுப்பூசிப் பணி முழுவதன் மீதும் சந்தேகம் படர்ந்தது. அதற்கு முன்பே இருந்த எதிர்ப்புக்குக் கையில் ஆதாரம் கிடைத்ததுபோல் ஆயிற்று. 2012 இறுதியிலிருந்து போலியோ சொட்டுமருந்து கொடுக்கப் போன பெண்கள் உட்படப் பல பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். 2014-இல்தான், இனித் தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்று வெள்ளை மாளிகை அறிவித்தது. கதவைத் தட்டி நின்ற பணியாளர்களுக்கும் அந்த உளவு வேலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

‘பார்க்கலாம்’ என்ற சொல்

அலுவலகத்தில் ‘பார்க்கலாம்’ என்றால் கஷ்டம்தான் என்று பொருள். தெருவில் நிற்பவருக்கு அது பாதி வாக்குறுதி. மூன்று மாதம் கழித்து, “என்னங்க, அன்னிக்குப் பார்க்கலாம்னு சொன்னீங்களே, என்னாச்சு?” என்று அவர் கேட்கும்போது சொன்னவருக்கு முகமே நினைவில் இருக்காது. களத்தில் நம்பிக்கை அதிகம் கசிவது இந்த ஓட்டை வழியாகத்தான். பெரிய ஊழலால் கெடும் நிறுவனங்களைவிட, ஆளுக்கு ஆள் போகிற போக்கில் சொல்லிவிட்டு வரும் சின்னச் சின்ன வார்த்தைகளால் கெடும் நிறுவனங்கள் அதிகம்.

இதற்குத் தேவை ஒரு நோட்டு. தேதி, சொன்னது யார், யாரிடம் சொன்னார், சொன்ன வார்த்தை அப்படியே, எந்தத் தேதிக்குள், என்ன ஆயிற்று என்று ஆறு கட்டங்கள். களத்துக்குப் போய்வரும் ஒவ்வொருவரும், ஓட்டுநர் உட்பட, அன்றே எழுத வேண்டும். மக்கள் ஓட்டுநரிடம்தான் மனம்விட்டுக் கேட்பார்கள், அவர் வாயிலிருந்து வருவதும் நிறுவனத்தின் வாக்குத்தான். வாரத்தின் முதல் நாள் காலை இருபது நிமிடம் அந்த நோட்டை உரக்கப் படித்தால், யார் எதைத் தொங்கலில் விட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

தேதி சொல்லும்போது உள்ளபடி எத்தனை நாள் ஆகுமோ அதோடு பாதியைச் சேர்த்துச் சொல்லுங்கள். இருபது நாள் வேலைக்கு முப்பது நாள். தாமதமாகும் என்று தெரிந்தால், கெடு முடியும் முன்பே, சொன்ன இடத்திலேயே, சொன்ன ஆளிடமே போய்ச் சொல்ல வேண்டும். “இன்னும் ஒண்ணும் வரலைங்க, வர்ற வியாழக்கிழமை மறுபடி வந்து சொல்றேன்” என்பதும் ஒரு தகவல்தான். அந்த வியாழக்கிழமை போய் நின்றால், வேலை நடக்காவிட்டாலும் ஆள்மேல் நம்பிக்கை வரும்.

முதல் வாக்குறுதி பதினைந்து நாளுக்குள் முடியக்கூடிய சின்ன விஷயமாக இருக்கட்டும். ஒழுகும் பொதுக் குழாய்க்கு ஒரு வாஷர், செவிலியர் வரும் நாளும் நேரமும் எழுதிய பலகை, கேட்ட விண்ணப்பத்தின் நகல் பத்து. இவற்றை மக்கள் சோதனையாகவே வைத்துப் பார்ப்பார்கள்.

முடியாது என்று சொல்வதற்கும் முறை உண்டு. ஒரு வாரத்துக்குள், காரணத்தோடு, வேறு எங்கே போனால் நடக்கும் என்பதோடு. அந்த இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து நேரத்தையும் தேவைப்படும் ஆவணங்களையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நாம் சொன்ன இடத்துக்குப் போய் அலைந்து திரும்பியவர் மறுபடி நம்மிடம் எதுவும் கேட்க மாட்டார்.

பட்டியல்

யாருக்குக் கொடுப்பது, யாருக்கு இல்லை என்று முடிவெடுக்கும் நாள் வந்ததும், அதுவரை சேர்த்த நம்பிக்கை அத்தனையும் தராசில் ஏறும். இங்கே அவசரப்பட்டவர்கள் பிறகு ஆண்டுக்கணக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் தகுதிகளை மக்களோடு உட்கார்ந்து வகுக்க வேண்டும், பெயர்களைப் பற்றிய பேச்சு எழும் முன்பே. பெயர் வந்துவிட்டால் தகுதியை அந்தப் பெயருக்கு ஏற்றாற்போல் வளைப்பார்கள். தகுதிகள் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவையாக, நான்கைந்துக்குள் இருக்கட்டும். ‘மிகவும் வறியவர்’ என்பது தகுதியே அல்ல, ஆளுக்கொரு விளக்கம் சொல்லலாம். ‘வேலைக்குப் போகும் வயதில் யாரும் இல்லாத வீடு’ என்பது தகுதி, எவரும் சரிபார்க்கலாம்.

பிறகு வீடு வீடாகக் கணக்கெடுப்பு. பூட்டியிருக்கும் வீட்டை ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போன பிறகே விட வேண்டும். ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தால் அது இரண்டு குடும்பமா ஒன்றா என்பதை முன்பே முடிவு செய்யாவிட்டால், கணக்கெடுப்பவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதிவருவார்கள். சண்டை அங்கிருந்துதான் கிளம்பும். தனியாக வாழும் பெண்கள், வாடகைக்கு இருப்பவர்கள், பிறமொழி பேசி வந்து குடியேறியவர்கள், மாற்றுத்திறனாளிகள்: பட்டியலில் விடுபடுவது பெரும்பாலும் இவர்கள்தான். முடித்தபின் இந்த நான்கு பிரிவுக்கும் தனித்தனியே ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

வரைவுப் பட்டியலைப் பொது இடத்தில் உரக்கப் படித்து, ஒட்டி, ஆட்சேபணைக்குப் பத்து நாள் கொடுங்கள். ஒட்டினால் மட்டும் போதாது, படிக்கத் தெரியாதவர்களுக்குக் காதால் கேட்டால்தான் உண்டு. ஆனால் வறுமை, குடும்பம் போன்ற தகுதிகளைப் பெயரோடு படிக்கலாமே தவிர, நோயையோ வன்முறையால் பாதிக்கப்பட்டதையோ ஒருபோதும் படிக்கக் கூடாது. அப்படிப்பட்ட திட்டங்களுக்குப் பொதுப் பட்டியலே கிடையாது. ஆட்சேபணைகளைப் பட்டியல் எடுத்தவர்களே விசாரிக்காமல் வேறு இருவர் விசாரிக்கட்டும். திருத்திய பட்டியலை மறுபடி படிக்கும்போது யார் சேர்ந்தார், யார் நீங்கினார், ஏன் என்பதையும் சொல்ல வேண்டும்.

நூலிழையில் தகுதி தவறியவர்களின் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். இதை யாரும் விரும்பிச் செய்வதில்லை. “உங்க வீட்டுல சம்பாதிக்கிற பையன் ஒருத்தர் இருக்கார்மா, அதனாலதான் இந்த முறை வரலை” என்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வது கடினம்தான். சொல்லாவிட்டால் அவர் தாமே ஒரு காரணத்தை ஊகித்துக்கொள்வார், அது சாதியாகவோ கட்சியாகவோ பணமாகவோ இருக்கும்.

பலகையும் பெட்டியும்

கணக்குப் பலகையில் விழுக்காடு எழுதாதீர்கள். ‘பணி 70 விழுக்காடு நிறைவு’ என்பதை யாரும் எண்ணிப் பார்க்க முடியாது. ‘சிமென்ட் வந்தது 120 மூட்டை, செலவு 112, மீதம் 8, இருக்கும் இடம் பள்ளியின் பின்னறை’ என்று எழுதினால் போகிற வருகிற சிறுவன்கூட எட்டிப் பார்த்து எண்ணிவிட்டுப் போவான். அவன் எண்ணுவான் என்பது கிடங்கைப் பார்த்துக்கொள்பவருக்கும் தெரியும். வந்த தொகை, பொருள், அளவு, விலை, வண்டிக் கூலி, நம் ஊழியர்களுக்கான செலவு, மீதம், கடைசியாகத் திருத்திய தேதி, கேட்க வேண்டிய ஆளின் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். ஊழியர் செலவை மறைத்தால் மக்கள் அதை இரண்டு மூன்று மடங்காக ஊகிப்பார்கள். பழைய தேதியோடு நிற்கும் பலகை, பலகையே இல்லாததைவிட மோசம்.

உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு அனுப்பிய, சம்பளம் தவிர்த்த மற்றச் செலவுகளுக்கான மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடுதான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு காட்டியது. அதன்பின் எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு நாளிதழ்களில் வெளியிட்டது. பள்ளிகளும் வந்த தொகையை வெளியே ஒட்ட வேண்டியதாயிற்று. 2001-இல் 80 விழுக்காட்டுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் வேறு சீர்திருத்தங்களும் நடந்ததால் முழுப் பெருமையையும் அறிவிப்புக்கே கொடுத்துவிட முடியாது. ஆனாலும் எவ்வளவு வர வேண்டும் என்பது தெரிந்த பிறகுதான் ஒரு பெற்றோரால் கேள்வியே கேட்க முடியும்.

புகார்ப் பெட்டிக்கு வருவோம். பெரும்பாலான அலுவலகங்களில் அது எங்கே இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். வாசலில், காவலாளியின் நாற்காலிக்கு நேர் எதிரே. யார் சீட்டு போட்டார் என்பது மாலைக்குள் எல்லோருக்கும் தெரியும். பூட்டின்மேல் தூசி. சாவி கிளைப் பொறுப்பாளரின் மேசை இழுப்பறையில், வரக்கூடிய புகாரில் பாதி அவரைப் பற்றியதாக இருந்தாலும். பக்கத்தில் பேனா இல்லை, தாளும் இல்லை. எழுதத் தெரியாதவர் என்ன செய்வார் என்று யாரும் யோசித்ததில்லை. ஆண்டு அறிக்கையில் மட்டும் ‘புகார்கள்: 0’ என்று பெருமையாக இருக்கும். பூஜ்யம் என்றால் வழி அடைபட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

குறைந்தது மூன்று வழிகள் வேண்டும். தலைமையகத்தில் வேறொருவர் எடுக்கும் தொலைபேசி எண், மாதத்தில் குறித்த நாளில் வந்து தனியறையில் உட்கார்ந்து கேட்கும் ஒரு பெண் ஊழியர், எழுத விரும்புகிறவர்களுக்கு ஒதுக்குப்புறமான இடத்தில் பெட்டி. பெட்டிக்கு இரண்டு பூட்டு போட்டு, சாவிகள் இருவரிடம் இருக்கட்டும், ஒருவர் ஊர்க்காரர். பெட்டியைக் குறித்த நாளில் நாலு பேர் முன்னிலையில் திறந்து எத்தனை சீட்டு என்று எண்ணிக்கையை மட்டும் சொல்ல வேண்டும், படிப்பது தனியாக. இரண்டு நாளுக்குள் ‘கிடைத்தது’ என்ற பதில், பதினான்கு நாளுக்குள் முடிவு. பெயர் போடாத புகாருக்கான பதிலைப் பலகையில் பொதுவாக எழுதலாம்.

பாலியல் சுரண்டல், லஞ்சம், குழந்தைகளுக்குத் தீங்கு ஆகிய மூன்றும் இந்த வரிசையில் வரக் கூடாது. அவை அன்றே உள்ளூர் அலுவலகத்தைத் தாண்டி மேலே போக வேண்டும். உதவிக்குக் கைமாறாகப் பாலுறவு கேட்பதை ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் வெளியிட்ட விதிகளிலேயே தடைசெய்திருக்கிறது. அந்தத் தடை உதவி வாங்க வரிசையில் நிற்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். “இங்கே தருவது எல்லாமே இலவசம், யாராவது எதையாவது கேட்டால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்” என்று வழங்கும் இடத்திலேயே படத்தோடு எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை நீங்களே ஒரு சாதாரணப் புகாரை அந்த எண்ணுக்குச் சொல்லி, எத்தனை நாளில் பதில் வருகிறது என்று சோதியுங்கள்.

விவரம் சேகரிப்பதிலும் இதே கேள்விதான். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ‘இந்தப் பதிலால் நாம் எடுக்கும் எந்த முடிவு மாறும்?’ என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள், அறுபது கேள்வி இருபதாகிவிடும். எதற்காக, யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்று மூன்றையும் சொல்லிவிட்டே கேட்க வேண்டும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பகுதியில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினர் 1990-களில் நீரிழிவு ஆய்வுக்கென்று அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தம் மனநோய் ஆய்வுக்கும் அவர்களுடைய பூர்விகம் பற்றிய ஆய்வுக்கும் பயன்பட்டது என்பது பின்னால் தெரியவந்தது. 2010-இல் பல்கலைக்கழகம் 7,00,000 டாலர் கொடுத்து, மாதிரிகளையும் திருப்பித் தந்தது. நாம் ரத்தம் எடுப்பதில்லை. ஆனால் ஒருவரின் புகைப்படம், அடையாள அட்டை நகல், வீட்டுக் கதை எல்லாம் சொன்ன காரியத்தைத் தாண்டிப் போனால் அதுவும் அதே தவறுதான். சேகரித்ததன் சுருக்கத்தை ஒரு மாதத்துக்குள் கொண்டுவந்து அவர்களிடமே படித்துக் காட்டுங்கள். “நீங்கதான் சார் திரும்பி வந்து சொன்ன முதல் ஆளு” என்று பல ஊர்களில் சொல்வார்கள், கேட்க வருத்தமாக இருக்கும்.

விதியை மாற்றவே முடியாத இடங்களும் உண்டு. 2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, இறந்தவரின் உடலைத் தொட்டால் நோய் தொற்றும் என்பதில் சமரசத்துக்கு இடமில்லை. ஆனால் கவச உடையில் வந்தவர்கள் உடலை உறையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போக, எங்கே புதைத்தார்கள் என்றே தெரியாமல் குடும்பங்கள் தவித்தன. நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள், இரவில் ரகசியமாகப் புதைத்தார்கள். கினியாவின் வோமே கிராமத்தில் அந்த ஆண்டு செப்டம்பரில், நோயைப் பற்றி விளக்கப் போன குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அடக்க நெறிமுறை, தொடக் கூடாது என்ற விதியை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மாற்றியது. முதலில் குடும்பத்தாரோடு பேச வேண்டும், அவர்கள் தள்ளி நின்று பார்க்கலாம், மதகுரு பிரார்த்தனை சொல்லலாம், கல்லறையில் பெயர் இருக்கும். எந்தப் பணியிலும் நம் விதிகளை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்: உயிருக்கோ சட்டத்துக்கோ அவசியமானது எது, நமக்கு வசதி என்பதால் வைத்திருப்பது எது. இரண்டாவது வகையை மக்கள் கையில் கொடுத்துவிடலாம்.

தவறு நடந்தால், கிளம்பும்போது

தவறு நடந்தால் மூன்று நாளுக்குள், பாதிக்கப்பட்டவர்கள் இருக்கும் இடத்துக்கே, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் போக வேண்டும். என்ன நடந்தது, நம் பங்கு என்ன, இப்போது என்ன செய்திருக்கிறோம், ஈடு எப்போது வரும். ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற வாசகம் மன்னிப்பாகாது. 2010 அக்டோபரில் ஹெயிட்டியில் ஐநா அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது, ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். சட்டப் பாதுகாப்பைக் காட்டி இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஐநா நிராகரித்தது. பொதுச் செயலாளர் பான் கீ மூன் ஹெயிட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பர் 1 அன்று. அப்போது அறிவித்த 40 கோடி டாலர் திட்டத்துக்குச் சிறு பகுதிதான் வந்து சேர்ந்தது. பொறுப்பை ஏற்றால் வழக்கு வரும் என்று சட்ட ஆலோசகர் சொல்வது சரியாகவே இருக்கலாம். மௌனத்தின் விலையை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

மக்களுக்கு நிறுவனம் என்பது ஒரு முகம்தான், வாரா வாரம் வரும் அந்தக் களப்பணியாளரின் முகம். அவருக்கு மாதச் சம்பளம் தாமதமானால் ஊருக்கே தெரியும். தன் ஆளுக்கே சொன்ன நாளில் கொடுக்காதவர்கள் நமக்கா கொடுக்கப் போகிறார்கள் என்று நினைப்பார்கள். ஆளை மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழையவரும் புதியவரும் பதினைந்து நாள் சேர்ந்து நடக்க வேண்டும், வாக்குறுதி நோட்டும் அந்த நடையிலேயே கைமாற வேண்டும். “அதெல்லாம் முன்னாடி இருந்தவர் சொன்னது, எனக்குத் தெரியாது” என்ற பேச்சு வந்துவிட்டால், யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்வி மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

திட்டம் முடியும் தேதியை முதல் நாள் சொன்னோம். ஆறு மாதம் முன்பு மறுபடி சொல்ல வேண்டும், மூன்று மாதம் முன்பு இன்னொரு முறை. எது நிற்கும், எது தொடரும், எதை யார் பார்த்துக்கொள்வார்கள். மோட்டார் வைத்துக் கொடுத்திருந்தால் அதன் உத்தரவாத அட்டை, வாங்கிய ரசீது, பழுது பார்ப்பவரின் எண், அடிக்கடி தேயும் பாகங்கள் இரண்டு செட் எல்லாம் ஊர்க்காரர் கையில் இருக்க வேண்டும். நாம் இருக்கும்போதே அவர்களே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். நிதி மிச்சமிருந்தால் அது எங்கே போகிறது என்பது பலகையில் கடைசி வரியாக வரட்டும். பழைய தொலைபேசி எண்ணை அன்றே துண்டித்துவிடாமல் ஓராண்டு உயிரோடு வைத்திருங்கள். ஓராண்டு கழித்து ஒருவர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய், நிறைவேறாமல் நிற்கும் வரிகளில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும்.